முதுகுத்தண்டில் ஒட்டிக்கொண்ட நரம்புகள்: மாத்திரையா, கருவியா, கத்தியா?

இடுப்பு டிஸ்க்குக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு சில மாதங்கள் நிம்மதியாக இருந்தவர், இரண்டு காலிலும் எரிச்சல் என்று மறுபடியும் மருத்துவமனைப் படியேறுகிறார். புதிதாக எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையின் கடைசிப் பகுதியில் ஒரு வரி இருக்கிறது: நரம்பு வேர்கள் கொத்தாகச் சேர்ந்துள்ளன, அரக்னாய்டிடிஸ் ஆக இருக்கலாம். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சவ்வுகளில் ஒன்று அழன்று, நரம்பு வேர்கள் ஒட்டிக்கொள்ளும் நோய் அது. இந்த ஒரு வரியைக் கொண்டுபோய் நான்கு பேரிடம் காட்டினால் நான்கு வழி சொல்வார்கள். நரம்பியல் மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவார். வலி மருத்துவர் முதுகில் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்பார். வசதி இருப்பதாகத் தெரிந்தால் உடலில் பதிக்கும் மின்தூண்டிக் கருவியைப் பற்றியும் பேசுவார். அறுவை மருத்துவர்களில் சிலர் மறுபடி திறந்து ஒட்டுதலைப் பிரித்துவிடலாம் என்பார்கள். உறவினர் ஒருவர் தனக்குத் தெரிந்த வைத்தியரிடம் அழைத்துப்போக வண்டியோடு தயாராக நிற்பார்.

இவற்றை எப்படி ஒப்பிடுவது? எது அதிகச் சக்தி வாய்ந்தது என்ற வரிசையில் அடுக்கினால் குழப்பம்தான் மிஞ்சும். சவ்வில் விழுந்துவிட்ட தழும்பை முழுதாக நீக்குகிற சிகிச்சை இன்றுவரை இல்லை. வலியைக் குறைப்பது, மிச்சமிருக்கும் நடையையும் சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் காப்பது, இவ்வளவே எல்லா வழிகளுக்கும் இலக்கு. எனவே, பலிக்காமல் போனால் எதிலிருந்து சேதமில்லாமல் பின்வாங்க முடியும் என்பதுதான் என் கணக்கில் முதல் கேள்வி. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். கருவியைக் கழற்றலாம். ஒருமுறை கத்தி பட்ட சவ்வைப் பழையபடி ஆக்க முடியாது.

இந்தக் கணக்குக்குள் அடங்காத நிலை ஒன்று உண்டு. கிருமியால் வந்த அழற்சி. அங்கே காத்திருப்பதுதான் ஆபத்து. அதற்கு வருவதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

தண்டுவடத்தை மூன்று சவ்வுகள் மூடியிருக்கின்றன. வெளியே கெட்டியான டியூரா, அதன் உட்புறமாக மெல்லிய அரக்னாய்டு, தண்டுவடத்தின் மேலேயே படிந்த பயா. அரக்னாய்டுக்கும் பயாவுக்கும் நடுவே தெளிந்த நீர் ஓடுகிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடும். அதற்குக் கீழே கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகிற நரம்பு வேர்கள் மட்டும் அந்த நீரில் தனித்தனியாக மிதக்கின்றன. ரத்தமோ கிருமியோ ரசாயனமோ உள்ளே புகுந்தால் வேர்கள் வீங்குகின்றன. ஃபைப்ரின் என்ற பசைப்பொருள் படிகிறது. வாரங்கள், மாதங்கள் கழிந்து அது தழும்பாக இறுகுகிறது. அரக்னாய்டு சவ்வுக்குச் சொந்தமாக ரத்தக்குழாய்கள் கிடையாது என்பதால், மற்ற இடங்களில் நடப்பதுபோலப் படிவு எளிதில் அகற்றப்படுவதில்லை. வடித்து ஆறவிட்ட சேமியாவைப்போல வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

நோயாளி சொல்கிற வலியும் இதற்கேற்ற வலிதான். எரிச்சல், மின்சாரம் பாய்வது, காலில் தண்ணீர் வடிவதுபோன்ற உணர்வு, பூச்சி ஊர்வது, தசைப்பிடிப்பு. பெரும்பாலும் இரண்டு காலிலும். உட்கார்ந்தால் கூடும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார முடியாமல் எழுந்து நின்றுகொண்டே வருகிறவர், பார்ப்பவர்களுக்கு ஆரோக்கியமாகத்தான் தெரிவார்.

காரணம் தெரிந்தால் பாதை மாறும்

இந்த நோய் புதிதன்று. 1909-ஆம் ஆண்டிலேயே லண்டன் அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி இதைப்போன்ற நாள்பட்ட தண்டுவடச் சவ்வு அழற்சியை விவரித்தார். அக்காலத்தில் காசநோயும் சிஃபிலிஸும் முக்கியக் காரணங்கள். பிறகு மருத்துவமே ஒரு காரணமாயிற்று. 1940-களிலிருந்து பல பத்தாண்டுகள், முதுகைப் படம் பிடிப்பதற்காக எண்ணெய் கலந்த அயோடின் சாயத்தைச் சவ்வுக்குள் செலுத்தினார்கள். அமெரிக்காவில் பான்டோபேக், பிரிட்டனில் மயோடில் என்ற பெயர்களில் அது விற்றது. படம் எடுத்து முடிந்ததும் சாயத்தை உறிஞ்சி எடுக்க முயல்வார்கள். எடுத்ததுபோக மிஞ்சிய துளிகள் வருடக்கணக்கில் அங்கேயே தங்கும். தண்ணீரில் கரையும் சாயங்கள் வந்த பிறகே அது மறைந்தது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்னால் முதுகில் சாயம் செலுத்திப் படம் எடுத்துக்கொண்ட முதியவர்கள், அந்தப் பழைய செய்தியை இன்றைய மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயிலேயே அந்தத் துளிகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவதுண்டு.

1947-இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டு மருத்துவமனையில் அறுவைக்காக ஒரே நாளில் முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்ட இருவருக்குக் கால்கள் செயலிழந்தன. ஊசிமருந்துக் குப்பிகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாக, அவற்றை முக்கி வைத்திருந்த பீனால் என்ற கிருமிநாசினி உள்ளே கசிந்தது என்று 1954-இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஊசிகளைக் கொதிக்கவைத்த பாத்திரத்தில் தங்கிய அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று பின்னாளில் மயக்கவியல் மருத்துவர்கள் வாதிட்டார்கள். எந்தக் கதை சரியானாலும், சவ்வுக்குள் அந்நியப் பொருள் ஒரு துளி போனாலும் போதும் என்ற அச்சம் மயக்கவியல் துறையில் அன்றிலிருந்து போகவே இல்லை. இன்றைக்கும் தோலைச் சுத்தம் செய்யும் குளோர்ஹெக்சிடின் கரைசல் முழுதாகக் காய்ந்த பிறகே முதுகில் ஊசியை ஏற்ற வேண்டும் என்பது அதனால்தான்.

2012-இல் அமெரிக்காவில் நடந்தது இன்னும் கொடியது. மாசசூசெட்ஸில் ஒரு மருந்துக்கூடத்தில் தயாரான ஸ்டீராய்டு ஊசிமருந்தில் பூஞ்சை கலந்திருந்தது. முதுகிலும் மூட்டிலும் அதைப் போட்டுக்கொண்டவர்களில் 750-க்கும் மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளானார்கள். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் சிலருக்கு அரக்னாய்டிடிஸ் எஞ்சியது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, பிரசவத்தின்போது முதுகில் ஊசி போட்டதால்தான் எனக்கு முதுகுவலி என்று முடிவுகட்ட வேண்டாம். கோடிக்கணக்கானவர்கள் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறார்கள். அரக்னாய்டிடிஸ் அதில் மிக அரிது. இன்றைக்குப் பார்க்கிற நோயாளிகளில் பெரும்பகுதியினர் இடுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், சவ்வுக்குள் ரத்தம் கசிந்தவர்கள், அல்லது நம் நாட்டில், காசநோய் வந்தவர்கள்.

காசநோய்தான் நான் மேலே சொன்ன விதிவிலக்கு. மூளைச்சவ்வுக் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, தலைவலி குறைந்து உடல் தேறிவரும் வேளையில், கால் தளர்ந்து சிறுநீர் அடைத்துக்கொள்வது உண்டு. மருந்து வேலை செய்யவில்லை என்று குடும்பமே முடிவுகட்டி நிறுத்திவிடும் தருணம் அது. நிறுத்தக் கூடாது. கிருமி சாகும்போது உடல் காட்டும் எதிர்வினையாலும் அது வரலாம். காசநோய் மருந்தைத் தொடர்ந்துகொண்டே உடனடியாக எம்.ஆர்.ஐ. எடுத்து, ஸ்டீராய்டைக் கூட்டுவதா என்று மருத்துவர் முடிவுசெய்ய வேண்டும். இந்த வகைக் காசநோய்க்கு 9 முதல் 12 மாதம் மருந்து தேவைப்படும். வியட்நாமில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், மூளைச்சவ்வுக் காசநோயில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இறப்பைக் குறைத்தது. பிழைத்தவர்களுக்குக் கடுமையான ஊனம் எஞ்சுவதை அது தடுத்ததாகத் தெரியவில்லை. ஸ்டீராய்டை எல்லா அரக்னாய்டிடிஸுக்கும் பொதுவான மருந்தாக நினைப்பவர்கள் இந்த இரண்டாம் பாதியையும் படிக்க வேண்டும். அழற்சி சூடாக இருக்கும்போது ஸ்டீராய்டுக்கு வேலை உண்டு. தழும்பு இறுகிய பிறகு இல்லை.

எந்தப் பரிசோதனைக்குப் பணம் கொடுப்பது

எம்.ஆர்.ஐ. ஒன்றே முதற்படி. குறுக்குவெட்டுப் படத்தில் சவ்வுப்பை ஒரு வெள்ளை வட்டமாகவும், நரம்பு வேர்கள் அதற்குள் கரும்புள்ளிகளாகவும் தெரியும். மல்லாந்து படுத்திருப்பதால், ஆரோக்கியமானவருக்குப் புள்ளிகள் பின்புறச் சுவர் ஓரமாகப் பிறைவடிவில் படிந்து கிடக்கும். நோயில் மூன்று தோற்றங்கள் உண்டு. புள்ளிகள் நடுவில் திரண்டு ஒன்றிரண்டு தடித்த கட்டிகளாகலாம். சுவரோடு ஒட்டிக்கொண்டு, வட்டம் காலியாக இருப்பதுபோலத் தோன்றலாம். அல்லது வெள்ளையே தெரியாமல் சாம்பல் நிறத் திசு முழுதையும் அடைத்திருக்கலாம். 1990-இல் டெலமார்ட்டர் என்ற முதுகுத்தண்டு மருத்துவரின் குழுவினர் வகுத்த பிரிவுகள் இவை. படத்தில் மோசமாகத் தெரிகிறவருக்குத்தான் வலி அதிகம் என்ற கணக்கு இங்கே செல்லாது. மூன்றாம் வகை படத்தோடு நடந்து வருகிறவர் உண்டு. முதல் வகை படத்தோடு படுத்த படுக்கையாக இருப்பவரும் உண்டு.

கொத்தாக இருப்பதெல்லாம் ஒட்டுதலும் இல்லை. முதுகெலும்புக் குழாய் குறுகியிருந்தால் இடமில்லாமல் வேர்கள் நெருக்கியடித்து நிற்கும். அறுவை சிகிச்சை முடிந்து முதல் சில வாரங்களில் எடுத்த படத்திலும் இப்படித் தெரிந்து பின்னர் தானே விலகுவது உண்டு. சந்தேகம் இருந்தால் குப்புறப் படுக்கவைத்து இன்னொரு முறை எடுக்கிறார்கள்; ஒட்டாத வேர்கள் முன்புறம் சரிந்து வந்துவிடும், ஒட்டியவை இருந்த இடத்திலேயே நிற்கும். எளிமையான யோசனை. மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கையில் சாயம் ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவையில்லை. முன்பு முதுகில் அறுவை நடந்தவருக்கு அது கட்டாயம் வேண்டும் என்பேன்: மறுபடி பிதுங்கிய டிஸ்க்கையும் பழைய தழும்பையும் அது பிரித்துக் காட்டும். கிருமி, புற்றுநோய்ப் பரவல் என்ற சந்தேகங்களுக்கும் அதுவே வழி. சிறுநீரகம் பழுதானவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதுகில் சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. மைலோகிராம், எம்.ஆர்.ஐ. அறவே எடுக்க முடியாதவர்களுக்கு மட்டும். ஏற்கெனவே புண்பட்ட இடத்துக்குள் இன்னொரு ஊசி என்பதை மறக்க வேண்டாம். அதே காரணத்துக்காக, பழைய தழும்பை உறுதிசெய்வதற்காக மட்டும் முதுகிலிருந்து நீர் எடுப்பதும் வீண். காய்ச்சல், எடைக்குறைவு, புற்றுநோய்ப் பின்னணி இருந்தால் கணக்கு தலைகீழ்; நீரை எடுத்துத்தான் ஆக வேண்டும். நரம்பு மின்கடத்தல் சோதனை எந்த வேர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும். நோயின் பெயரைச் சொல்லாது.

இதையெல்லாம்விட மலிவான இரண்டு சோதனைகளைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ரத்தச் சர்க்கரை, வைட்டமின் பி12. பாதம் எரிகிறது என்று வருகிற பலருக்கு நம் ஊரில் சர்க்கரையும் இருக்கும். விரல் நுனியில் தொடங்கிக் காலுறை அளவுக்கு ஏறுகிற எரிச்சல் சர்க்கரையால் வந்த நரம்புக் கேடாக இருக்கலாம்; படத்தில் தெரிந்த ஒட்டுதல் தற்செயலாகக் கண்ணில் பட்டதாகவும் இருக்கலாம்.

மாத்திரைகளுக்குள்ளேயே ஒரு தேர்வு

அரக்னாய்டிடிஸ் அரிய நோய் என்பதால் இதற்கென்றே பெரிய மருந்தாய்வுகள் இல்லை. மற்ற நரம்புவலிகளில் கிடைத்த சான்றை வைத்துத்தான் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். புழக்கத்தில் நான்கு: அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், காபாபென்டின், பிரிகாபலின்.

2015-இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்த தொகுப்பாய்வு ஒரு நல்ல அளவுகோல் தருகிறது. ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்ற கணக்கு அது. அமிட்ரிப்டிலின் வகை மருந்துகளுக்கு அந்த எண் 3.6, பிரிகாபலினுக்கு 7.7. எண் சிறியதாக இருப்பது நல்லது. அதாவது நம் ஊரில் அதிகம் எழுதப்படுகிற பிரிகாபலினைவிட, பழைய, மலிவான அமிட்ரிப்டிலின் அந்தக் கணக்கில் மேலே நிற்கிறது. ஆனால் பழைய மருந்துகளின் ஆய்வுகள் சிறியவை. அதனால் அவற்றின் எண் சற்றுப் பளபளப்பாகத் தெரியும். 2022-இல் பிரிட்டனில் சர்க்கரை நரம்புவலி நோயாளிகளிடம் நேருக்குநேர் ஒப்பிட்டபோது அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், பிரிகாபலின் எதில் தொடங்கினாலும் பலன் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது.

ஆகவே பலனை விட்டுவிட்டு, பக்கவிளைவை வைத்துத் தேர்ந்தெடுப்பதே மேல். இந்த நோயில் அதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. அமிட்ரிப்டிலின் சிறுநீரை அடைக்கும், மலச்சிக்கலைக் கூட்டும். அரக்னாய்டிடிஸ் நோயாளிக்குச் சிறுநீர்ப்பை நரம்புகளே பழுதாகியிருக்கலாம். புராஸ்டேட் வீங்கிய அறுபது வயதுக்காரருக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு, நோய் முற்றியதால் சிறுநீர் அடைத்துக்கொண்டது என்று பதறுவது நடக்கக்கூடிய விஷயம். கண் அழுத்த நோயும் இதயத் துடிப்புக் கோளாறும் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. தூக்கமே வராத, சிறுநீர்ப் பிரச்சினை இல்லாத நடுவயதினருக்கு, இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கினால் இதைவிடத் தோதான மருந்து குறைவு. காபாபென்டினும் பிரிகாபலினும் சிறுநீர்ப்பையை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. தலைசுற்றல், கால் வீக்கம், எடை கூடுதல் உண்டு. ஏற்கெனவே கால் மரத்துத் தள்ளாடுகிற மூதாட்டிக்குத் தலைசுற்றலும் சேர்ந்தால் இடுப்பெலும்பு முறிவில் போய் நிற்கும். சிறுநீரகச் செயல்பாட்டுக்கு ஏற்ப அளவைக் குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தக் கூடாது. மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் டுலோக்செடின் பொருந்தும்; முதல் சில நாள் குமட்டும்.

எதுவானாலும் உரிய அளவில் சில வாரங்கள் சாப்பிடாமல் பலனில்லை என்று சொல்லிவிட முடியாது. நான்கு நாள் சாப்பிட்டுத் தூக்கிப்போட்ட மருந்தைத் தோற்றுப்போன மருந்துகளின் பட்டியலில் எழுதாதீர்கள். பின்னால் அந்தப் பட்டியலைக் காட்டித்தான் பெரிய சிகிச்சைகளை முன்வைப்பார்கள்.

டிரமடால், டாபென்டடால் போன்ற அபின் வகை வலிமருந்துகள் கடுமையான சில நாட்களைக் கடக்க உதவும். மாதக்கணக்கில் போனால் அளவு ஏறிக்கொண்டே போகும், பலன் இறங்கிக்கொண்டே வரும். அமிட்ரிப்டிலின், டுலோக்செடினோடு டிரமடாலைச் சேர்த்தால் தனி ஆபத்தும் உண்டு. மிகக் குறைந்த அளவு நால்ட்ரெக்சோன், ஸ்டீராய்டும் ஹார்மோன்களும் கலந்த முறை என்று இணையத்தில் உலவுகிறவற்றுக்குச் சான்று மெலிது. நால்ட்ரெக்சோனுக்காவது பின்வாங்க வழி இருக்கிறது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டுச் சர்க்கரையையும் எலும்பையும் கெடுத்துக்கொண்டால் அது இல்லை.

பிசியோதெரபியை இங்கேயே சொல்லிவிடலாம். அது தழும்பைப் பிரிக்காது. படுத்தே கிடந்து தசை இளைப்பதைத் தடுக்கும், பிடிப்பைக் குறைக்கும், நடையைக் காக்கும். மென்மையான அசைவு, தட்டையான தரையில் நடை, நீரில் பயிற்சி ஆகியவை நல்லவை. எண்ணெய் தேய்ப்பு பிடிப்புக்கு இதமாக இருந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். முதுகை முறித்துச் சொடுக்கெடுப்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். மரத்த காலில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சர்க்கரையும் இருந்தால் அந்தக் கொப்புளம் ஆற மாதங்கள் ஆகும்.

ஊசி: எந்தப் பக்கம் என்று கேளுங்கள்

எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி டியூராவுக்கு வெளியே போடப்படுவது. அரக்னாய்டிடிஸ் டியூராவுக்கு உள்ளே இருக்கிறது. இந்த ஒரு வாக்கியமே ஒப்பீட்டை முடித்துவிடுகிறது. புதிதாகப் பிதுங்கிய டிஸ்க் ஒரு வேரை அழுத்துகிறது என்றால் அந்த ஊசிக்கு அர்த்தம் உண்டு. உறுதியான அரக்னாய்டிடிஸுக்கு மாதம் ஒன்று என்று போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. முன்பு அறுவை நடந்த முதுகில் அடுக்குகள் ஒட்டியிருக்கும். ஊசி தவறி உள்ளே போகும் வாய்ப்பு கூடுகிறது. எபிடியூரல் ஸ்டீராய்டால் அரிதாகக் கடுமையான நரம்புப் பாதிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2014-இல் எச்சரித்தது.

மெல்லிய குழாயை விட்டுத் தழும்பைப் பிரிக்கிறோம் என்று சில வலி சிகிச்சை மையங்கள் சொல்வதும் டியூராவுக்கு வெளியே உள்ள தழும்பைத்தான். அறுவைக்குப் பிறகு அங்கேயும் தழும்பு வரும், அது வேறு நோய். "டாக்டர், நீங்கள் பிரிக்கப்போவது வெளித் தழும்பா, உள்ளே வேர்கள் ஒட்டியிருப்பதா?" என்று கேளுங்கள். நேர்மையானவர் படத்தை எடுத்துக் காட்டிப் பதில் சொல்வார்.

மின்தூண்டி

மாத்திரைகள் தோற்றபின் பெரிய சிகிச்சைகளில் எனக்கு மனம் சாய்வது இதன் பக்கம்தான், அதுவும் ஒரு நிபந்தனையோடு. மெல்லிய மின்கம்பியை டியூராவுக்கு வெளியே வைத்து, தோலுக்கடியில் பதித்த பேட்டரியிலிருந்து சிறு மின்துடிப்புகளைத் தண்டுவடத்துக்கு அனுப்புவார்கள். 1967-இல் அமெரிக்க மருத்துவர் நார்மன் ஷீலி முதன்முதலில் செய்தார். ஒட்டிக்கிடக்கும் வேர்களை இது தொடுவதே இல்லை. வலிச் செய்தி மூளைக்கு ஏறும் வழியில் குறுக்கிடுகிறது.

2007-இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகு அறுவைக்குப் பிறகும் கால்வலி தீராத 100 பேர் கலந்துகொண்டார்கள். ஆறு மாதத்தில் கால்வலி பாதியாகக் குறைந்தவர்கள் மின்தூண்டி வைத்தவர்களில் 48 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 9 சதவீதம். ஓராண்டுக்குள் கருவி வைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கம்பி நகர்ந்தது, தொற்று போன்ற ஏதோ ஒரு சிக்கல் வந்தது. விற்பனைப் படிவத்தில் முதல் எண் பெரிதாக இருக்கும். இரண்டாவதை நீங்கள்தான் தேட வேண்டும். 2022-இல் நார்வேயில் 50 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் சங்கடமானது: கருவியை உடலுக்குள் வைத்துவிட்டு, சில காலம் இயக்கியும் சில காலம் இயக்காமலும் நோயாளிக்குச் சொல்லாமல் பார்த்தார்கள். அன்றாட இயலாமையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அவர்கள் சோதித்தது ஒரு குறிப்பிட்ட துடிப்பு முறையை மட்டுமே. அப்படியானாலும், லட்சங்களைக் கட்டுவதற்கு முன் இதையும் அறிந்திருப்பது நல்லது.

நிபந்தனை என்றேனே, அது முன்னோட்டம். நிரந்தரமாகப் பதிப்பதற்கு முன் கம்பியை மட்டும் வைத்து, பேட்டரியை வெளியே இடுப்பில் கட்டி, சில நாட்கள் வீட்டுக்கு அனுப்புவார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம். அந்த நாட்களில் வலிக்கு எண் கொடுப்பதோடு நிற்காதீர்கள். வழக்கமாக எத்தனை நிமிடம் உட்கார முடியும், இப்போது எத்தனை. கடைத்தெரு வரை நடக்க முடிந்ததா. இரவில் எத்தனை முறை விழித்தீர்கள். எந்த மாத்திரை குறைந்தது. இவற்றை வீட்டில் இன்னொருவர் எழுதிவைக்கட்டும். பெரிய தொகை கட்டப்போகிறோம் என்ற எண்ணமே வலி குறைந்ததுபோல் காட்டும். முன்னோட்டம் இல்லாமல் நேராகப் பதித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கருவி வைத்த பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா, பேட்டரி எத்தனை ஆண்டு வரும், மாற்றும் செலவு யாருடையது, காப்பீடு எந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். இந்த நோயில் பின்னாளில் தண்டுவடத்துக்குள் நீர்க்குழி உருவாகிறதா என்று பார்க்க மறுபடி எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம், எடுக்கவே முடியாத கருவியைப் பதித்துக்கொண்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

தோலுக்கடியில் மருந்துப் பம்பு வைத்து மார்ஃபினைச் சவ்வுக்குள்ளேயே சொட்டவிடும் முறையும் இருக்கிறது. கடைசி வரிசையில்தான் வைப்பேன். குழாய் நுழைவது புண்பட்ட அதே பைக்குள். நீரோட்டம் அடைபட்ட இடத்தில் மருந்து சீராகப் பரவாது. குழாய் நுனியிலேயே கட்டி வளர்வதும் உண்டு. மருந்தை நிரப்ப வாழ்நாள் முழுதும் அதே மையத்துக்குப் போக வேண்டும். மதுரையில் இருப்பவர் அதற்காகவே சென்னைக்குப் போய்வர வேண்டியிருந்தால் அது சிகிச்சையா தண்டனையா என்பது அவருக்குத்தான் தெரியும்.

கத்தி எப்போது

"ஒட்டியிருப்பதைப் பிரித்துவிட்டால் சரியாகிவிடும் அல்லவா?" என்று கேட்காத நோயாளி இல்லை. நியாயமான கேள்விதான். நுண்ணோக்கி வைத்து ஒவ்வொரு வேராகப் பிரிக்கவும் முடியும். பிரித்த இடத்தில் ரத்தம் கசியும், சவ்வு மறுபடி அழலும், புதிய தழும்பு விழும். முதலில் கிடைக்கிற நிம்மதி பலருக்கு நிலைப்பதில்லை; சிலருக்கு முன்பிருந்த காலசைவும் போய்விடுகிறது. வலிக்காக மட்டும் டியூராவைத் திறப்பதற்கு நான் எதிர்ப்பக்கம்.

வலியைத் தாண்டிய காரணங்கள் வந்தால் நிலைமை வேறு. தழும்பு நீரோட்டத்தை மறித்ததால் தண்டுவடத்துக்குள் நீர்க்குழி பெருகுகிறது. அரக்னாய்டு நீர்க்கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது. சவ்வில் சுண்ணாம்பு படிந்து எலும்பாகவே இறுகிவிட்டது. கால்பலம் மாதத்துக்கு மாதம் கண்ணெதிரே குறைகிறது. இங்கெல்லாம் திறக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு. அறுவையின் நோக்கம் இழப்பை நிறுத்துவது என்பதை மருத்துவரும் குடும்பமும் ஒரே மாதிரி புரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும். அதேபோல, பழைய டிஸ்க் மறுபடி பிதுங்கி ஒரு வேரை நசுக்குவது படத்தில் தெளிவாகத் தெரிந்தால், அதைச் சரிசெய்யும் அறுவையை அரக்னாய்டிடிஸ் என்ற பெயரைக் காட்டித் தள்ளிப்போடக் கூடாது.

சிறுநீர் திடீரென அடைத்துக்கொள்வது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, மலம் தெரியாமல் போவது, ஓரிரு நாளில் கால் செயலிழப்பது ஆகியவை வந்தால் ஒப்பீடெல்லாம் அப்புறம். அன்றே, முதுகுத்தண்டு அறுவை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிறுநீர்ப்பை மெல்லமெல்லப் பழுதானவர்களுக்கு, நாளுக்குச் சில முறை தாமே சுத்தமாகக் குழாய் விட்டுச் சிறுநீரை வெளியேற்றும் பயிற்சி இருக்கிறது. கூச்சத்தால் இதைத் தள்ளிப்போட்டு, சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள். கற்றுக்கொள்ளக் கடினமானதன்று.

இன்னொரு முடிவு பல ஆண்டு கழித்து வந்து நிற்கும். குடலிறக்கத்துக்கோ மூட்டு மாற்றத்துக்கோ பிரசவத்துக்கோ போகும்போது, முதுகில் ஊசி போடலாம் என்று மயக்கவியல் மருத்துவர் வழக்கம்போலத் தொடங்குவார். அரக்னாய்டிடிஸ் இருப்பதை அவரிடம் அறுவைக்கு முந்தைய பரிசோதனையிலேயே சொல்ல வேண்டும். மேசையில் படுத்த பிறகு சொன்னால் அவருக்கு யோசிக்க நேரம் இருக்காது. ஒட்டிய பைக்குள் மருந்து ஒரு பக்கம் பரவி மறுபக்கம் பரவாமல் போகலாம், பழைய அழற்சி கிளறப்படலாம் என்பதால் முழு மயக்கமோ வேறு வழியோ அவர் தேர்ந்தெடுக்கக்கூடும். கடைசியாக எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கை, பழைய அறுவையின் டிஸ்சார்ஜ் சுருக்கம், இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். வெறும் வயிற்றோடு வரச்சொல்லும் அன்று காலை காபாபென்டினை ஒரு மிடறு தண்ணீரோடு சாப்பிடலாமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.